சீட்டு கம்பெனின்னு சொன்ன பொண்ணு

எங்க பழைய தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரில 2004ல எச்ஐவி வைரஸை அடக்கி வைக்கிற ஏஆர்டி மாத்திரையை இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்கல்ல, அப்பவே சேர்ந்தவங்க. வீட்டுக்கு வந்ததும் டப்பா லேபிளை தண்ணில ஊற வச்சு உரிச்சிட்டு உள்ள கொஞ்சம் பஞ்சு திணிச்சிடுவாங்க, பஸ்ல போறப்போ பையில குலுங்குற சத்தம் கேட்டு யாரும் என்னன்னு கேட்டுடக் கூடாதுன்னு.

அவங்க வீட்டுக்காரர் செத்தப்போ ரெண்டு மாசம் மாத்திரை வாங்கவே போகல. அப்போ சென்டர்ல இருந்து ஒரு பொண்ணு தேடி வந்து வாசல்ல நின்னுச்சு, பக்கத்து வீட்ல யாருன்னு கேட்டதுக்கு சீட்டு கம்பெனில இருந்து வர்றேன்னு சொல்லிச்சாம். அந்தப் பொண்ணு அன்னைக்கு வரலைன்னா நான் இல்லடின்னு அக்கா இப்பவும் சொல்வாங்க.

2025ல வந்த எச்ஐவி நியூஸ் எல்லாம் படிக்கிறப்போ எனக்கு அந்தப் பொண்ணு ஞாபகம்தான். 2000 வாக்குல இந்த மாத்திரை ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல வித்துச்சு, 2001ல நம்ம சிப்லா மருந்து கம்பெனி யூசுஃப் ஹமீது 350 டாலருக்கு தர்றேன்னு சொன்னார், அடுத்து 2002ல பல நாடு சேர்ந்து காசு போடுற குளோபல் ஃபண்ட், 2003ல அமெரிக்க அதிபர் புஷ் அறிவிச்ச பெப்ஃபார்ங்கிற எச்ஐவி உதவித் திட்டம்னு காசு வர ஆரம்பிச்சு இன்னைக்கு உலகத்துல 3 கோடி பேருக்கு மேல மாத்திரை சாப்பிடறாங்க. இவ்வளவு தூரம் வந்த பிறகு 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை திடீர்னு நிறுத்துச்சு.

தென் ஆப்பிரிக்கா தன் சொந்தக் காசுலதான மாத்திரை வாங்குது, அவங்களுக்கு என்ன பிரச்சினைன்னு சிலர் கேக்குறாங்க. பிரச்சினை ஆளுங்கதான். டெஸ்ட் எடுக்குறவங்க, கவுன்சிலிங் குடுக்குறவங்க, மாத்திரை வாங்க வராதவங்களை வீடு தேடிப் போறவங்கன்னு ஆயிரக்கணக்கான பேருக்கு சம்பளம் பெப்ஃபார் காசு, அது நின்னதும் வேலை போச்சு, சில கிளினிக்கை இழுத்தே மூடிட்டாங்க. மாத்திரைய நிறுத்துனா சில வாரத்துலயே வைரஸ் திரும்ப ஏறிடும், வர்ற ஆளு வரலைன்னா தேடிப் போகணுமே, யார் போவா?

2025 நவம்பர்ல ஜோகன்னஸ்பர்க்ல குளோபல் ஃபண்டுக்கு காசு திரட்டுனாங்க. கேட்டது 18 பில்லியன் டாலர், அன்னைக்கு தர்றதா சொன்னது 11.34, அதுவும் டிபி, மலேரியா, எச்ஐவி மூணுக்கும் சேர்த்து. மாத்திரை, டெஸ்ட் கிட் செலவெல்லாம் போக வாசல்ல வந்து நிக்கிற பொண்ணோட சம்பளத்துக்கு அதுல எவ்வளவு மிஞ்சும்?