கடக்கரையில உக்காந்து மாடல் காருக்கு பெயிண்ட் அடிக்கிறவங்களுக்கு

மாடல் கார் கிட், அதான் பிளாஸ்டிக் பார்ட்ஸா வந்து நம்மளே ஒட்டி பெயிண்ட் அடிக்கிற சின்ன கார், புதுசா வாங்குன பசங்க எல்லாம் முதல்ல கேக்குறது எந்த ஸ்ப்ரே நல்லதுன்னுதான். மண்டபம், பாம்பன், கீழக்கரைன்னு நம்ம பக்கம் இருந்துக்கிட்டு கேட்டா நான் சொல்ற முதல் பதில், டப்பாவ அப்புறம் பாப்போம் முதல்ல காத்தப் பாருங்க.

ஏன்னா வீடியோ போடுறவங்க நிறைய பேரு குளிர் ஊருக்காரங்க. டப்பாவ வெதுவெதுப்பான தண்ணில வச்சு சூடாக்கிட்டு அடிங்கம்பாங்க. நமக்கு அது வேணவே வேணாம், சித்திரை வெயில்ல நிழல்ல வச்சாலே சூடாத்தான் இருக்கும். அந்த டப்பா மேலயே 40 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும், அதனால தகரக் கொட்டாயிலயோ வண்டி டிக்கிலயோ வச்சிட்டுப் போயிராதீங்க, வெடிச்சிரும்.

நம்ம பிரச்சனை ஈரம். இந்த ஸ்ப்ரேல வர்ற, சீக்கிரம் காயிற லாக்கர் பெயிண்ட்ல இருக்கிற தின்னர் ஆவியாகிப் போகும்போது அந்த இடம் சட்டுனு குளுந்துரும், காத்துல இருக்கிற ஈரம் அதுமேல படிஞ்சு பெயிண்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு பளபளப்பே இல்லாம வெள்ளையா பூத்துப்போகும், கறுப்புக் கலர்ல பட்டுன்னு தெரியும். இதுக்கு எவ்வளவு காசு குடுத்து வாங்குன பெயிண்ட்டா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. தடைக்காலத்துல, அதான் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், கரையில ஏத்தி வச்ச போட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறவங்களக் கவனிங்க, காலைல பனி காயாம பிரஷ்ஷத் தொட மாட்டாங்க. அதே கணக்குதான் நமக்கும். வெயில் ஏறி ஒரு பத்து பதினோரு மணிக்கு மேல, நிழல்ல, காத்து நேரா அடிக்காத இடமாப் பாத்து அடிங்க. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் கம்மி விலைக்கே கிடைக்குது, அது 70 சதவீதத்துக்கு மேல காட்டுச்சுன்னா அன்னைக்கு கார் பாடிய எடுக்காதீங்க. கச்சான் காத்து, அதான் மேக்க இருந்து வர்ற காத்து, வீசுற மாசங்கள்ல ஈரத்த விட மண்ணுதான் எதிரி, அடிக்கிறதுக்கு முன்னாடி தரையில லேசா தண்ணி தெளிச்சு விட்டுட்டு, அடிச்சு முடிச்ச உடனே ஒரு பிளாஸ்டிக் டப்பாவக் கவுத்து மூடிருங்க.

என் அக்கா மகன் இப்ப எடுத்திருக்கிறது 1/24 சைஸ்ல, அதாவது நிஜக் கார்ல 24ல ஒரு பங்கு, அவோஷிமா கம்பெனியோட ஏஇ86, 1983ல வந்த டொயோட்டா, மேல வெள்ளை கீழ கறுப்பு. முதல் கிட்டுக்கே ரெண்டு கலரா மாமான்னு பயந்தான். நான் சொல்வேன் மாஸ்கிங், அதான் ஒரு கலர் மேல இன்னொண்ணு படாம டேப் ஒட்டி மறைக்கிறது, கத்துக்க இத விட நல்ல கார் கிடையாது, ஏன்னா கோடு நீளமா நேராப் போகுது.

முதல்ல பாடிய பாத்திரம் கழுவுற சோப்புப் போட்டுக் கழுவணும், அச்சுல இருந்து வந்த எண்ணெய் இருக்கும், அதோட நம்ம ஊர்ல நாலு நாள் வெளிய வச்சாலே உப்புக் காத்துக்கு எல்லாமே பிசுபிசுன்னு ஆகிரும். காஞ்ச பிறகு கையால தொடக்கூடாது, ஒரு பாட்டில் மூடி மேல டபுள் சைடு டேப் ஒட்டி பாடியோட கூரைக்கு உள்பக்கம் ஒட்டிட்டா பிடிச்சுக்க வசதி. அப்புறம் பிரைமர், கலர் நல்லாப் பிடிக்க முதல்ல அடிக்கிற அடிப்பூச்சு. கலருக்கு டாமியா கம்பெனி ஸ்ப்ரே வாங்குனா டிஎஸ்னு போட்டதப் பாத்து வாங்குங்க, பிஎஸ்னு போட்டது ரிமோட் காரோட பாலிகார்பனேட் பாடிக்கு, இதுக்கு ஆகாது. கிடைக்கலன்னு கார் டச்சப் ஸ்ப்ரே வாங்குறவங்க, கிட்ல பார்ட்ஸ் கழட்டுன பிறகு மிச்சம் இருக்கிற ஃபிரேம்ல அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் பாடிக்குப் போங்க, அந்த தின்னர் சிலது பிளாஸ்டிக்கையே அரிச்சிரும்.

அடிக்கும்போது பாடிக்கு வெளிய ஆரம்பிச்சு பாடியத் தாண்டி வெளியதான் நிறுத்தணும். 20ல இருந்து 30 சென்டிமீட்டர் தூரம்னு சொல்வாங்க, நம்ம சூட்டுல நான் 20 பக்கத்துலயே நிப்பேன், தள்ளிப் போனா பெயிண்ட் காத்துலயே காஞ்சு சொரசொரன்னு விழும். முதல் ரெண்டு கோட்டு, அதாவது பூச்சு, மேலாப்புல தூவுனா போதும், அடியில பிரைமர் தெரிஞ்சாலும் பரவாயில்ல. துணி மாஸ்க் போட்டு அடிக்காதீங்க, தின்னர் நாத்தத்த அது தடுக்கவே தடுக்காது, கெமிக்கல் ஃபில்டர் போட்ட மாஸ்க் வாங்குங்க, வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்தப் பக்கமே விடாதீங்க.

வெள்ளைதான் முதல்ல. கறுப்பு மேல வெள்ளைய ஏத்துறது பெரும்பாடு. வெள்ளை அடிச்சிட்டு எப்ப டேப் ஒட்டலாம்னா, பாடிய மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாருங்க, தின்னர் வாசம் துளி வந்தாலும் இன்னும் காயல, டேப் தடம் பதிஞ்சிரும். ரெண்டு மூணு நாள் ஆனா ஆகட்டும்.

டேப்புலதான் நம்ம பசங்க காச மிச்சம் பிடிக்கிறாங்க. ஹார்டுவேர் கடையில விக்கிற சுருக்கம் சுருக்கமா இருக்கிற மஞ்ச டேப் சுவருக்கு நல்லா இருக்கும், இந்தச் சின்ன பாடியில அந்தச் சுருக்கம் வழியா பெயிண்ட் உள்ள போயிரும். மெல்லிசான மாடல் டேப் 6 எம்எம்ல ஒரு ரோல் வாங்குனா பல காருக்கு வரும். அதையும் அப்படியே ஒட்டாம கண்ணாடி மேல ஒட்டி, புது பிளேடால ஓரத்த வெட்டி எடுத்துட்டு ஒட்டுங்க, ரோல் ஓரத்துல தூசி ஒட்டியிருக்கும். வளைவுல 2 எம்எம் அகலத்துல வெட்டுனது அழகா வளையும். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கிற கோட்டுப் பள்ளத்துல பல்குச்சியால டேப்ப அமுக்கி விடுங்க, கசியிறது முக்கால்வாசி அங்கதான். மிச்ச இடத்தப் பேப்பரால மூடுனா தின்னர் ஊறி இறங்கும், பாலிதீன் கவர் போட்டு மூடுங்க, ஜன்னல் ஓட்டைகள உள்பக்கம் இருந்து அடைங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. கறுப்பு அடிக்கிறதுக்கு முன்னாடி டேப் ஓரத்துல மறுபடி வெள்ளையவே மெல்லிசா ஒரு கோட்டு அடிங்க. கசியிறதா இருந்தா வெள்ளை கசிஞ்சு சந்த அடைச்சிரும், அதுக்கு மேல கறுப்பு உள்ள போக வழியே இல்ல. கறுப்பும் மெல்லிசாதான், திக்கா அடிச்சா டேப் எடுக்கும்போது ஓரம் படி மாதிரி நிக்கும். கடைசி கோட்டு தொட்டா ஒட்டாத பதத்துக்கு வந்ததும் டேப்ப மேல தூக்காம, அது மேலயே மடிச்சு படுக்க வச்சு மெதுவா இழுங்க.

இன்னொண்ணு, எனாமல்னு மெதுவா காயிற வேற வகை பெயிண்ட் இருக்கு, அது மேல லாக்கர் அடிக்காதீங்க, சுருங்கிரும். லாக்கர் மேல எனாமல் போகலாம், அதனால கதவுக் கோட்டுல கறுப்பு ஓட விடுறத எனாமல்லயே பண்ணலாம்.

ஐப்பசி கார்த்திகை மழையில கிட் வாங்குனவங்க பாடிய டப்பாலயே வச்சிட்டு சீட்டு, டேஷ்போர்டு, சக்கரம் எல்லாத்தையும் அக்ரிலிக் பெயிண்ட் வச்சு பிரஷ்ல முடிச்சிருங்க, கண்ணாடிக்கு கிட்லயே மாஸ்க் ஷீட் குடுத்திருந்தா அதையும் வெட்டி வச்சுக்கலாம். மருமகன்கிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன், வெள்ளைய தை பொறந்து மீட்டரப் பாத்துட்டு எடுப்போம்னு.