எப்போது கிளம்புவது என்பதில்தான் சண்டை

வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். 2015 டிசம்பரிலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சரி, எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதனால் இந்தத் தடவை மழைக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுவது என்று முடிவு செய்தோம்.

பை கட்டுவது சுலபமாக முடிந்தது. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள் எல்லாம் ஜிப் கவரில். டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம். செல்போன் டவர் படுத்தால் ஜிபேயும் படுத்துவிடும். மிக்ஜாமின்போது பால் வாங்க நோட்டு இல்லாமல் நின்றவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 மூன்றையும் பிரிட்ஜ் கதவில் மார்க்கரால் எழுதினோம்.

மாமியாரின் இன்சுலினுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கரண்ட் போனால் பிரிட்ஜ் வெறும் அலமாரி. டாக்டரிடம் கேட்டு, அகலமான மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே சின்னச் சட்டியில் மருந்தை நனையாமல் வைத்து, ஈரத்துணியால் மூடிப் பார்த்தோம். தொட்டால் ஜில்லென்றுதான் இருந்தது.

சண்டை வந்தது எப்போது கிளம்புவது என்பதில். மாமியார், "2015லயே நான் எங்கயும் போகல, மாடி வீட்டுலதான் இருந்தேன்" என்றார். கணவரோ செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கிறார்களா என்று டிவியில் பார்த்துக்கொண்டு போகலாம் என்றார். அந்தத் தண்ணீர் போவது அடையாற்றில். எங்கள் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று சுற்றிக்கொண்டு கோவளத்தில் கடல் சேர வேண்டும். கடல் கொந்தளித்து உள்ளே வாங்காவிட்டால் மழை விட்ட பிறகும் இங்கே வடியாது. செம்பரம்பாக்கத்தைப் பார்த்து எங்களுக்கு என்ன ஆகப் போகிறது?

கடைசியில் யாரும் அந்த நேரத்தில் வாதாட முடியாதபடி அடையாளம் வைத்தோம். ரெட் அலர்ட் என்றால் மாமியாரும் இன்சுலினும் முதல் நாள் மாலையே அண்ணா நகரில் நாத்தனார் வீட்டுக்கு. வாசலில் இரண்டாவது படி நனைந்தால் மற்றவர்கள் மாடி வீட்டுக்கு. இருட்டிய பிறகு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, மூடி இல்லாத பாதாளச் சாக்கடை எங்கே என்று தெரியாது. மாடி ஏறும் முன் மெயினை அணைப்பது மகன் வேலை. கழிவுநீர் எதிர்த்து ஏறாமல் கழிப்பறைக் கோப்பையில் மணல் மூட்டையை அழுத்தி வைப்பது என் வேலை. காரை மேம்பாலத்தில் விட்டு வருவது கணவர் வேலை. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்ற படத்தைப் பார்த்து நிறையப் பேர் சிரித்தார்கள். அவர்கள் வேளச்சேரிக்காரர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

மாமியார் ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டார்: ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் அவர் கண்ணெதிரே பரணில் ஏறிய பிறகுதான் ஆட்டோ கூப்பிட வேண்டும். சரி என்று அதையும் மகன் கணக்கில் எழுதிவிட்டோம்.