ஒரு கதவும் ஓர் அரியரும்

ரிசல்ட் நேற்று ராத்திரி வந்தது. சினிமா ரசனைத் தாளில் போன முறை 38, இந்த முறை 71. அரியர் ஒழிந்தது. சந்தோஷம்தான், ஆனால் ஒரு தாளுக்காக ஒரு வருஷம் இழுத்தடித்த கடுப்பு இன்னும் இறங்கவில்லை, அது இறங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். காட்சி ஆய்வு என்று ஒரு 20 மார்க் கேள்வி வருமே, அதைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். என்னைக் கவிழ்த்ததும் அதுதான், கரையேற்றியதும் அதுதான்.

பாடத்தில் இருந்த படம் 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’. இந்தக் குடும்பப் படம் இன்றைக்கும் பார்க்கப்படுவது ஏன், தொழில்நுட்பத்தோடு விளக்குக என்று கேள்வி. நான் நாலு பக்கத்துக்குக் கதை எழுதினேன். டோரதி, சூறாவளி, சோளக்கொல்லை பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் என எல்லோரையும் வரிசையாக நடத்திக் கூட்டிவந்து மந்திரவாதி வாசலில் விட்டேன். தொழில்நுட்பம் என்று எழுதியது ஒரே வரி: ‘படம் கறுப்பு வெள்ளையில் தொடங்கி கலருக்கு மாறுகிறது.’ விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. 20க்கு 5.

அது கறுப்பு வெள்ளை இல்லை, செபியா என்கிற பழுப்புச் சாயல். அதைவிட முக்கியம், சூறாவளி தூக்கிவந்து போட்ட வீட்டின் கதவை டோரதி திறந்து, ஓஸ் நாடு கலரில் தெரிகிற அந்த நொடியில் வெட்டே கிடையாது, ஒரே ஷாட். வீட்டின் உட்புற செட்டைப் பழுப்பு நிறத்தில் பெயின்ட் அடித்து, டோரதியாக நடித்த ஜூடி கார்லண்டுக்குப் பதிலாக இன்னொரு பெண்ணுக்குப் பழுப்பு உடை போட்டு, முதுகு மட்டும் தெரிய நிற்கவைத்து, அதை டெக்னிகலர் என்கிற கலர் முறையிலேயே எடுத்தார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்குகிறாள். கேமரா வாசலை நோக்கி நகர, நீலக் கட்டம் போட்ட உடையில் உண்மையான ஜூடி ஃபிரேமுக்குள் வருகிறாள். நான் இதை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன், ஆள் மாறுவது தெரிந்தும் இன்னும் ஏமாறுகிறேன்.

(என் தப்புக்கு ஒரு சமாதானம் இருக்கிறது. 1949 மறுவெளியீட்டிலிருந்து 1989 வரை புழங்கிய பிரதிகளில், டோரதியின் ஊரான கன்சாஸில் நடக்கும் காட்சிகள் வெறும் கறுப்பு வெள்ளையாகத்தான் இருந்தன. நான் மனப்பாடம் செய்த நோட்ஸை எழுதிய புண்ணியவான் அதைப் பார்த்திருப்பார். திருத்துகிறவருக்கு அதெல்லாம் வேண்டாத கதை.)

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். சத்தம் இருந்தால் பாட்டு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் வேலை செய்யாது. குழுவாகச் சேர்ந்து படிப்பது, விவாதிப்பது எல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக, ராத்திரியில், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சூறாவளி வருகிற இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடிக்கிறோம் அல்லவா, அது 35 அடி நீளத்துக்கு மஸ்லின் துணியில் தைத்த ஒரு குழாய். மேலே நகரும் பாலம் ஒன்றில் தொங்கவிட்டு, அடிப்பகுதியைத் தரையில் ஒரு தடத்தில் இழுத்து, புழுதியை ஊதிவிட்டிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகும் பயமாகத்தான் இருந்தது, ஏன் என்று யோசித்ததில் அரைப் பக்கம் எழுதக் கிடைத்தது.

தேர்வுக்கு முன் கையில் வைத்திருக்க வேண்டியவை:

- மூலநாவல் 1900இல் வந்தது, அதில் டோரதியின் காலணி வெள்ளி நிறம். கலரில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று படத்தில் சிவப்பாக்கினார்கள்.
- டெக்னிகலர் கேமராவுக்குள் ஒளி பிரிந்து மூன்று ஃபிலிம்களுக்குப் போகும், அதனால் விளக்குகள் ஏராளம் வேண்டும், செட் கொதிக்கும்.
- இயக்குநர் பெயர் விக்டர் ஃபிளெமிங். கன்சாஸ் காட்சிகளை எடுத்தது கிங் விடோர். இதை எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.
- கன்சாஸில் பண்ணையாட்களாக வரும் மூன்று நடிகர்கள்தான் பொம்மை, தகர மனிதன், சிங்கம் ஆகிய மூன்று தோழர்களாகவும் நடிக்கிறார்கள். மந்திரவாதியாக வரும் ஃபிராங்க் மார்கனுக்கு மட்டும் ஐந்து வேடம்.
- கதைச் சுருக்கம் மூன்று வரி. நாலாவது வரி வந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

‘இன்றைக்கும் ஏன்’ என்கிற பாதிக்கு எல்லோரும் கலரைத்தான் காரணமாக எழுதுவார்கள். இந்த முறையும் கிட்டத்தட்ட அதே கேள்வி வந்தது, நான் எழுதியது வேறு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தப் படம் முதலில் வந்தது 1956இல், 1959இலிருந்து வருஷா வருஷம் வர ஆரம்பித்தது. அப்போது பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். கதவு திறந்தபோது அவர்களுக்குக் கலரே தெரிந்திருக்காது, ஆனாலும் அடுத்த வருஷம் மறுபடி குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். அப்படியானால் பிடித்துவைத்தது கலர் மட்டுமில்லை. புது ஊரில் சந்திக்கிற முகமெல்லாம் வீட்டில் பார்த்த முகமாகவே இருப்பது, எல்லோரும் நடுங்குகிற மந்திரவாதியின் திரையை ஒரு சின்ன நாய் இழுத்துவிடுவது, இவற்றுக்குக் கலர் தேவையில்லை. இப்படித்தான் எழுதினேன், சரியா என்று தெரியாமலே.

அப்புறம், பென்சில் கொண்டுபோங்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் கதவை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து, இரண்டு குச்சி மனிதர்களும் கேமராவுக்கு ஓர் அம்பும் போட்டேன். படம் கோணலாகத்தான் இருந்தது. அதற்கு எவ்வளவு போட்டார்கள் என்று நகல் வாங்கினால்தான் தெரியும், விண்ணப்பித்திருக்கிறேன்.