திருக்குறுங்குடியில் விலகி நிற்கும் கொடிமரம்

நெல்லைச் சீமைக்குத் திவ்ய தேச யாத்திரை வருகிறவர்கள் நவதிருப்பதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவார்கள். மறுநாள் காலை நாங்குநேரி வானமாமலைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, நடை சாத்துவதற்குள் திருக்குறுங்குடியையும் பார்த்துவிடலாம் என்று வேனை விரட்டுவார்கள். தீர்த்தம், சடாரி, துளசி. ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் இன்னொன்று முடிந்தது. இங்கே பெருமாளுக்கு நம்பி என்று பெயர். ஐந்து நம்பிகள் இருக்கும் ஊரில் மூன்று நம்பிகளை மட்டும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு நாகர்கோவில் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தமே உண்டு. இது கோவிலுக்கு வெளியேயும் கோவில் பரவிக் கிடக்கிற ஊர்.

நானும் என் அத்தையும் போனது தை மாதத்தில். வள்ளியூரில் ரயிலை விட்டு இறங்கி, ஏர்வாடி வழியாகப் பஸ்ஸில் போனோம். ஏர்வாடியின் பள்ளிவாசல் மினார்களைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் வாழை. வாழைக்கு மேலே மகேந்திரகிரி. 1,654 மீட்டர் உயரமுள்ள மலை. தை மாதத்திலும் உச்சியில் மேகம் விலகவில்லை. அனுமன் இலங்கைக்குத் தாவிய மகேந்திர மலை இதுதான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. இதே மலையின் இன்னொரு பக்கத்தில், காவல்கிணறு திசையில், இஸ்ரோ தன் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. வானத்தில் பாய்வதற்கு ஏற்ற இடம் எது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை போலும்.

ஊரை வாழவைப்பது நம்பியாறு. மலையில் பிறந்து, ஊரைத் தொட்டுக்கொண்டு, குளம் குளமாக நிரப்பியபடி கிழக்கே கடலுக்குப் போகிறது. பக்கத்தில் கொடுமுடியாறு அணையும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கைவிடாத வருடத்தில் நெல்லும் வாழையும் செழிக்கும். கைவிட்டால் டீக்கடையில் பேச்சு முழுக்க அதுதான். நாங்கள் போனபோது குளங்களில் தண்ணீர் நின்றது, ஊர்க்காரர்கள் முகத்திலும் அது தெரிந்தது.

பேரூராட்சிதான், ஆனால் கோவில் பெரிய நகரத்துக்கு உரியது. மாட வீதிகள் அகலம். அக்கிரகாரத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். திருவிழாவுக்குக் கதவு திறந்து, ஒட்டடை அடித்து, பத்து நாள் சமையல் நடக்கும் என்றார் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி. தென்னாட்டில் பஸ் தொழிலுக்கு வழி போட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்தது இந்த ஊரில்தான். ஊரை விட்டுப் போனவர்கள் நம்பியை விட்டுப் போவதில்லை என்பதற்கு இங்கே சாட்சிகள் நிறைய. பங்குனித் திருவிழாவில் ஐந்து நம்பிகளும் கருட வாகனத்தில் எழுந்தருளும் இரவில் இந்த வீதிகளில் நிற்க இடம் கிடைக்காதாம்.

உள்ளே போனால் நாயக்கர் காலத்து மண்டபத் தூண்கள் காலைப் பிடித்து நிறுத்துகின்றன. யாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால்கூட ஒரு மணி நேரம் போய்விடும். வேணாட்டு அரசர் ஆதித்தவர்மா 15ஆம் நூற்றாண்டில் கொடுத்த பெரிய மணியும் இங்கே உண்டு. திருவிதாங்கூரின் முன்னோர் களக்காட்டில் இருந்துகொண்டு இந்தப் பகுதியை ஆண்ட காலம் ஒன்று இருந்தது. கன்னியாகுமரி எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாள நாட்டு மன்னனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

ஆனால் நான் பார்க்க வந்தது கொடிமரத்தை. எல்லாக் கோவில்களிலும் அது மூலவருக்கு நேரே நிற்கும். இங்கே சற்று விலகி நிற்கிறது. அத்தை அதன் அடியில் நின்று கர்ப்பகிரகத்தின் திசையைப் பார்த்தார், பிறகு பத்தடி பின்னால் போய்ப் பார்த்தார். "நிஜமாகவே தள்ளித்தான் நிற்கிறது" என்றார், கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருந்தும் இப்போதுதான் நம்பியவர் போல.

கதை வராக புராணத்தில் வருவது. நம்பாடுவான் பாணர் குலத்தில் பிறந்தவன். கோவிலுக்குள் அவனுக்கு அனுமதி கிடையாது. ஒவ்வொரு நாளும் விடியலுக்கு முன் யாழோடு வந்து வெளியே நின்று பாடிவிட்டுப் போவான். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி இரவில் அப்படி வரும்போது ஒரு பிரம்மராட்சசன் அவனைப் பிடித்துக்கொள்கிறான். அவனுக்குப் பல நாள் பசி. "என்னைத் தின்றுகொள். ஆனால் விரதத்தை முடித்து, நம்பியைப் பாடிவிட்டு வந்துவிடுகிறேன்" என்கிறான் நம்பாடுவான். ராட்சசன் சிரிக்கிறான். திரும்பி வராவிட்டால் இன்ன பாவம் வரட்டும், இன்ன நரகம் வரட்டும் என்று பதினெட்டு சத்தியம் செய்கிறான் நம்பாடுவான். பதினேழுக்கும் மசியாத ராட்சசன் கடைசி ஒன்றுக்கு விடுகிறான்: "நாராயணனையும் மற்ற தெய்வங்களையும் ஒன்றாக நினைத்தவனின் பாவம் எனக்கு வரட்டும்."

கோவில் வாசலில் கைசிகப் பண்ணில் பாடுகிறான். இதுவே கடைசிப் பாட்டு, ஒரு தடவையாவது முகத்தைப் பார்க்கக் கூடாதா என்று மனம் தவிக்கிறது. கொடிமரம் மறைக்கிறது. நம்பி கொடிமரத்தை விலகச் சொல்கிறான். அது விலகுகிறது.

எனக்குக் கதையின் அடுத்த பகுதி இன்னும் பிடிக்கும். திரும்பி ஓடும் நம்பாடுவானை வழியில் ஒரு கிழவர் மறித்து, "அந்தப் பக்கம் போகாதே, ராட்சசன் இருக்கிறான், வேறு வழியாக ஓடிவிடு" என்கிறார். வந்தவர் நம்பியேதான். கடவுளே தப்பிக்கச் சொல்லியும் வாக்கை மீற மாட்டேன் என்று போகிறான் நம்பாடுவான். அவன் வந்து நின்றதும் ராட்சசனுக்குப் பசி போய்விடுகிறது. உன் பாட்டின் பலனைக் கொஞ்சம் கொடு என்று கெஞ்சுகிறான். முதலில் மறுத்து, பிறகு அந்த இரவின் கடைசிக் கைசிகப் பாட்டின் பலனைத் தருகிறான் நம்பாடுவான். யாகத்தில் பேராசையால் தவறு செய்து ராட்சசனாகிவிட்ட அந்தணனுக்கு, கோவிலுக்குள் நுழைய முடியாத ஒருவன் விமோசனம் தருகிறான். திருவரங்கத்திலும் பிற வைணவக் கோவில்களிலும் இந்தக் கைசிக புராணத்தை ஏகாதசி இரவில் வாசிக்கிறார்கள். திருக்குறுங்குடியில் அதை நாடகமாகவே நடத்துகிறார்கள், நம்பியின் முன்னிலையில்.

அந்த நாடகம் இடையில் நின்றுபோக இருந்தது. பரம்பரையாக அதை நடத்தியவர்கள் கோவிலின் தேவதாசிக் குடும்பத்தார். 1947இல் தேவதாசி முறை சட்டப்படி ஒழிந்தது, ஒழிய வேண்டியதுதான். ஆனால் அவர்களிடம் இருந்த பாட்டும் அபிநயமும் யார் கைக்கும் போகாமல் மங்கிக்கொண்டே வந்தன. 1999இல் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜமும் மிச்சமிருந்த நினைவுகளையும் பாடல்களையும் சேர்த்து மீண்டும் மேடையேற்றினார்கள். அதன் பிறகு கைசிக ஏகாதசி தோறும் நடக்கிறது.

பிற தெய்வங்களைச் சமமாக நினைப்பது பெரும்பாவம் என்று சத்தியம் செய்யும் கதைக்கு ஊரான இந்தக் கோவிலில்தான் கால பைரவர் வடைமாலை சாத்திக்கொண்டு நிற்கிறார்! சிவனும் நம்பிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தவர். பூஜையின்போது "பக்கம் நின்றாருக்குக் குறை ஏதும் உண்டா" என்று கேட்டு, "குறை ஒன்றும் இல்லை" என்று பதில் சொல்லும் வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். புராணம் ஒரு பக்கம் கறாராகப் பேச, ஊர் தன் பாட்டுக்கு எல்லோருக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

பைரவர் சன்னதியில் முன்னால் நின்ற பெண்மணி என் கையைப் பிடித்து இழுத்து, "இப்படி வந்து நில்லுங்கள் அம்மா, அந்த விளக்கை மட்டும் பாருங்கள்" என்றார். பார்த்தேன். மற்ற விளக்குகளின் சுடர் நிமிர்ந்து நிற்க, பைரவரின் முகத்தருகே இருந்த சுடர் மட்டும் ஒதுங்கி, நிமிர்ந்து, மறுபடியும் ஒதுங்கியது. ஒழுங்கான இடைவெளி. பைரவர் மூச்சு விடுகிறார் என்பது ஊர் நம்பிக்கை. அங்கே காற்று எந்தச் சந்து வழியாக வருகிறது என்று நான் தேடவில்லை, தேடத் தோன்றவில்லை.

மூலவர் நின்ற நம்பி. இருந்த நம்பியும் கிடந்த நம்பியும் அதே கோவிலில். நான்காமவர் திருப்பாற்கடல் நம்பி, நம்பியாற்றங்கரையில் தனிக் கோவில். நம்மாழ்வாரின் பெற்றோர் பிள்ளை வரம் கேட்டு வந்தது குறுங்குடி நம்பியிடம்தான் என்பதும், நம்பியே ஆழ்வாராகப் பிறந்தார் என்பதும் வைணவ மரபு. ராமானுஜருக்குச் சீடராகி 'வைஷ்ணவ நம்பி' என்று பெயர் வாங்கிக்கொண்டதும் இதே பெருமாள். ஆசிரியரை உயரமான ஆசனத்தில் உட்கார வைத்துத் தான் கீழே நின்று உபதேசம் கேட்டாராம்.

யாரும் அழைத்துப் போகாத இடம் ஒன்று உண்டு. திருமங்கையாழ்வார் பரமபதித்த இடமான திருவரசு ஊருக்கு வெளியே, வயல் நடுவே இருக்கிறது. வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். நடவு முடிந்த வயலில் கொக்குகள். வேலும் வாளுமாக வழிப்பறி செய்து, பிறகு அந்தக் கையாலேயே கோவில்களுக்குச் செய்து தீர்த்த மனிதர், கடைசியில் வந்து அடங்கியது இவ்வளவு சிறிய சன்னதியில். சன்னதி பூட்டியிருந்தது. கம்பி வழியாகச் சேவித்தோம். அன்று பார்த்த எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் மனதில் தங்கியது அந்த இடம்.

ஐந்தாமவர் மலைமேல் நம்பி. டீக்கடையில் கேட்டேன்: "அண்ணாச்சி, மலைக்கு ஜீப் கிடைக்குமா?" "கிடைக்கும். ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும், வனத்துறை விடாது" என்றார். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிற பாதை. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையைத் துருவிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இதே ஆற்றின் கரையில் புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம் விட்டுப்போகும் குப்பையைப் பற்றி ஓட்டுநர் சொன்னதைக் கேட்டால் இன்னும் கெடுபிடி செய்யலாம் என்று தோன்றும். ஜீப் குலுக்கிய குலுக்கலில் அத்தை எல்லா நம்பிகளையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டார். இறங்கி ஆற்றில் காலை நனைத்து, படியேறி, சின்னக் கோவிலில் நம்பியைப் பார்த்தோம். தண்ணீர் எலும்பைத் தொடும் குளிர்ச்சி. மழை வெள்ளம் வந்தால் இந்தப் பாதையை மூடிவிடுவார்கள்.

கைசிக ஏகாதசிக்குப் போக நினைப்பவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கார்த்திகை என்றால் பருவமழை ஓயாத காலம். மலைமேல் நம்பி அன்று கிடைக்காமல் போகலாம். கீழே கோவிலில் நாடகம் பின்னிரவு வரை நீளும். கல் தரை, குளிர். ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பஸ்ஸை நம்ப வேண்டாம். வள்ளியூரில் அறை போட்டுவிட்டு, திரும்புவதற்கு ஓர் ஆட்டோவை முன்னதாகவே பேசிவைத்துக்கொள்வது நல்லது.