டாக்டரைக் கேட்டுட்டு வாங்க

"அப்ப ஒங்க மருந்து மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று, சிங்கப்பூரில் ஆயுர்வேத வைத்தியம் பார்க்கும் என்னிடம் அந்த அக்கா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, அது திரும்பாமலிருக்க டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வருபவர். மூட்டுவலிக்குத் தைலம் கொடுத்தேன். பிறகு வாட்ஸ்அப்பில் வந்த மஞ்சள்-மிளகு காப்ஸ்யூல் படத்தைக் காட்டி, "நம்ம மருந்துதானே, இதையும் குடுங்க" என்றார். பெரிய டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, அவர் சரின்னா தரேன் என்றேன். "அவர் எதைக் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்வார். அதனாலதானே ஒங்ககிட்ட கேக்குறேன்?"

காரணம் சொன்னேன். டாமாக்சிஃபென் உடம்புக்குள் எண்டாக்சிஃபென்னாக மாறித்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. 2019இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், மஞ்சளின் சத்தான குர்குமினோடு மிளகின் சத்தான பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் எண்டாக்சிஃபென் ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்தது. மிளகு சேர்த்தால்தான் மஞ்சள் உடம்பில் ஒட்டும் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் அதே சேர்க்கை.

சொன்னதில் பிசகில்லை. சொன்ன ஆள்தான் இடிக்கிறது. வைத்தியர்கள் நாலு பேர் கூடினால் இந்த மாதிரி ஆய்வுகளைக் கிழித்துத் தொங்கவிடுவதில் நான்தான் முதல் ஆள். ஒரு சத்தை மட்டும் பிரித்து, காப்ஸ்யூலில் அடைத்துவிட்டு மஞ்சளைச் சோதித்தோம் என்றால் எப்படி? பத்தியம் எங்கே, மருந்தைக் கலந்து கொடுக்கும் தேன், பால் மாதிரி அனுபானம் எங்கே என்பேன். அந்த நெதர்லாந்து ஆய்வும் அதே ரகம்தான். 16 பேர், நாளைக்கு 3.6 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் என்று வைத்தால், தினமும் நூறு கிராமுக்கு மேல் மஞ்சள் சாப்பிட வேண்டும். எந்த ரசம் தாங்கும்? மறுக்க ஒரு காரணம் தேவைப்பட்டதும் அதையே கையில் எடுத்தேன்.

ஆனால் அவர் கேட்டது ரசமில்லை, காப்ஸ்யூல்தானே. அப்போது ஆய்வு பொருந்தும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற மருந்து வந்ததை எங்கள் ஆட்கள் மார்தட்டிச் சொல்வார்கள். அதுவும் பிரித்தெடுத்து, அளந்து, ஊசியாகப் போட்ட பிறகுதான் புற்றுநோய் மருந்தானது. அந்தப் பெருமை வேண்டும், அந்த முறை மட்டும் வேண்டாமா?

இவ்வளவு யோசித்தபின்னும் ஒரு சந்தேகம் போகவில்லை. சீன வைத்தியர்களுக்கு இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது. ஆயுர்வேதத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. பின்னால் நிற்க ஆளில்லாதவன் "டாக்டரைக் கேளுங்க" என்று சொன்னால் அதில் அக்கறை எத்தனை, பயம் எத்தனை? மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018இல் வந்த அமெரிக்க ஆய்வைப் படித்ததிலிருந்து எனக்குப் பயம் உண்டு. அது இருக்க வேண்டிய பயம்தான். ஆனால் இந்த அக்கா டாமாக்சிஃபென் மாத்திரையை விட்டவர் இல்லை. ஒரு நாள் தவறாமல் சாப்பிடுபவர்.

தேக்காவில் வைத்தியம் பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். "நீ குடுக்கலேன்னா ஆன்லைன்ல வாங்கிக்குவாங்க. ஒங்கிட்ட வாங்கியிருந்தா என்ன சாப்பிடுறாங்கன்னாவது ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். தெரிந்தே கொடுத்துவிட்டு அதற்குக் கண்காணிப்பு என்று பெயர் வைப்பதா? ஒப்பவில்லை. அதற்காக அவர் சொன்னது பொய்யும் இல்லை. அக்கா பிறகு வரவில்லை.

இப்போதெல்லாம் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தைலம் கொடுத்தாலும், என்ன கொடுத்தேன் என்று அவர்கள் டாக்டருக்கு ஒரு தாளில் எழுதித் தருகிறேன். "காட்டினா ஏசுவாங்க" என்று பலர் பைக்குள் மடித்து வைத்துக்கொள்கிறார்கள். காட்டியவர்கள் வழியாகவும் இதுவரை ஒரு வரி பதில் வந்ததில்லை.