ஹைலக்ஸும் குட்டிக் கேரவனும்: செலாயாங்கிலிருந்து பாலிக் பூலாவ் வரை

மலேசியாவில், கோலாலம்பூருக்குப் பக்கத்துச் செலாயாங்கிலிருந்து பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் வரை, என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் ஒரு குட்டிக் கேரவனை (பின்னால் மாட்டி இழுக்கும், படுக்கை உள்ள டிரெய்லர்) குடும்பத்தோடு கொண்டுபோன கதை இது. "ஹைலக்ஸ் வச்சிருக்கியே, கேரவன் இழுக்காதா?" என்று கேட்பவர்கள் எல்லாருமே எஞ்சினைத்தான் நினைக்கிறார்கள். தாராளமாக இழுக்கும். 2.8 லிட்டர் டீசல், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆஸ்திரேலியாவில் இதே எஞ்சின் உள்ள ஹைலக்ஸுக்கு, டிரெய்லரில் பிரேக் இருந்தால் 3,500 கிலோ வரை அனுமதி. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான். எஞ்சின் ஒன்றுதான், சேசிஸ் ஒன்றுதான், எண் மட்டும் எங்கே போய் விழுகிறது பாருங்கள். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

கேரவன் என்னுடையது இல்லை, மச்சானுடையது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், உள்ளே இரண்டு பேர் தாராளமாகவும் ஒரு பிள்ளை நெருக்கியும் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் ஒரு சின்னத் தொட்டியும். பதிவு, காப்பீடு எல்லாம் அவர் பெயரில் ஒழுங்காக இருந்ததால் அந்தத் தலைவலி எனக்கு இல்லை. வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்தக் காகிதங்களைத்தான் கேட்க வேண்டும், மெத்தையின் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விற்றவர் "ஐந்நூறு கிலோதான் பாஸ்" என்றாராம். நான் நம்பவில்லை. கோலசிலாங்கூர் பக்கம் செம்பனை ஆலையில் வேலை செய்யும் நண்பன் ஒருவன் இருக்கிறான். பழக்குலை லோரிகள் ஏறும் எடைமேடையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஏற்றிக் காட்டச் சொன்னான். தண்ணீர், கேஸ் சிலிண்டர், ஐஸ்பெட்டி, நாற்காலி, பிள்ளையின் சைக்கிள் எல்லாம் வைத்தபடி 690 கிலோ. மேடைக்காரர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "பழம் ஒண்ணும் இல்லையா தம்பி?" என்று கேட்டார்.

மொத்த எடை மட்டும் தெரிந்தால் போதாது. அந்த எடையில் எவ்வளவு, வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டான டவ் பால் மேல் உட்காருகிறது என்பதுதான் முக்கியம். மொத்தத்தில் பத்து விழுக்காடு அளவுக்காவது டிரெய்லரின் முன்முனையான மூக்கில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மூக்கு லேசாக இருந்தால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். தைப்பூசத்தில் காவடி எடுத்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம், பாரம் பின்னால் சரிந்தால் ஆளையே அது இழுத்துக்கொண்டு போகும்.

இதை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். அதன் மேல் ஒரு மரக்கட்டை, கட்டையின் மேல் டிரெய்லரின் கப்ளர், அதாவது டவ் பாலைக் கவ்வும் பகுதி. கட்டையின் உயரம், வண்டியில் மாட்டும்போது இருக்கிற உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மூக்கைத் தாங்கும் சின்ன ஜாக்கி சக்கரத்தை மெதுவாகத் தூக்கினால் பாரம் முழுவதும் மெஷினில் இறங்கும். டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டுச் செய்யுங்கள், காலை அடியில் நீட்டாதீர்கள். எங்களுக்கு முதலில் 41 காட்டியது. அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும் ஐம்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். ஐஸ்பெட்டியைச் சமையல் பக்கத்திலிருந்து முன்பெட்டிக்கு மாற்றினோம். 68 ஆனது. மொத்தம் 640-க்கு இறங்கியிருந்தது, ஆக பத்து விழுக்காட்டுக்கு ஒரு சொட்டு மேலே. தண்ணீர் பினாங்கிலும் கிடைக்கும், செலாயாங்கிலிருந்து சுமக்க வேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்று. நம்ம ஆட்கள் ஹைலக்ஸ் வாங்கிய கையோடு இரண்டு அங்குலம் தூக்கிவிடுவார்கள். நானும் தூக்கியிருக்கிறேன். வண்டி உயர்ந்தால் டவ் பாலும் உயரும், டிரெய்லர் வானத்தைப் பார்த்து நிற்கும், பாரம் பின்னால் போகும். அதனால் கிள்ளானில் ஒரு பட்டறையில் கீழ்நோக்கி வளைந்த ஹிட்ச் போட்டேன். சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லர் சேசிஸின் முன்முனையையும் பின்முனையையும் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். பட்டறை அண்ணன் டவ் பாலையும் பார்த்தார். 50 மில்லிமீட்டர் ஒன்று, இரண்டு அங்குலம் ஒன்று என இரண்டு அளவு சுற்றுகிறது, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. "கண்ணால பாத்தா தெரியாது தம்பி, மேல பொறிச்சிருக்கும், படிச்சுப் பாருங்க" என்றார். படித்துப் பார்த்தோம், கப்ளரிலும் 50 என்றே இருந்தது. சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினார். கப்ளர் கழன்றால் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் சங்கிலியில் தொங்கும்.

சுங்கை பூலோவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பியதால் ரவாங் வரை கூட்டமே இல்லை. நெடுஞ்சாலையில் கார்களுக்கு வரம்பு 110 என்றாலும் நான் 90-ஐத் தாண்டவில்லை. ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 3,085 மில்லிமீட்டர், அந்த நீளம் டிரெய்லர் ஆட்டத்தை நன்றாகவே அடக்குகிறது. இரண்டு கதவு ரேங்லரில் அது 2.46 மீட்டர்தான். அதே கேரவனை அதில் மாட்டினால் ஓட்டுநருக்கு வேலை அதிகம். காட்டுக்குள் குட்டையான வண்டிதான் ராஜா, நெடுஞ்சாலையில் வாலோடு போகும்போது நீளமானதற்குத்தான் மதிப்பு.

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் ஒரு விரைவுப் பேருந்து வலப்பக்கம் முந்தியது. அதன் மூக்கு நம் பக்கத்தில் வரும்போது காற்று டிரெய்லரை இடப்பக்கம் தள்ளும், வால் கடந்ததும் வலப்பக்கம் உறிஞ்சும். ஸ்டியரிங்கில் அது லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். மூக்கில் பாரம் சரியாக இருந்தால் இப்படி அடங்கிவிடும். அடங்காமல் வளர்ந்தால் செய்ய வேண்டியதை மனைவிக்கும் சொல்லி வைத்திருந்தேன், பாதித் தூரம் அவள்தான் ஓட்டினாள்: வண்டியின் பிரேக்கை மிதிக்காதே, எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் நெம்பைத் தள்ளி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடி. பின்னால் இழுத்துப் பிடித்தால் நேராகிவிடும்.

"அந்த நேரத்துல இவ்வளவும் ஞாபகம் வருமா என்னாங்க?" என்றாள். காலியான தடத்தில் அறுபதில் போகும்போது அந்த நெம்பை இரண்டொரு தடவை தள்ளிப் பார்க்கச் சொன்னேன். யாரோ பின்னால் சட்டையைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள்.

தாப்பா ஓய்வுத்தளத்தில் பசியாறினோம். கார் நிறுத்துமிடத்தில் நமக்கு இடமில்லை, லோரிகளோடுதான் நிற்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரெய்லர் சக்கரத்தின் நடுக்குமிழைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு என்றால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் தேய்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஈப்போ தாண்டி ஜெலாப்பாங்கில் ஏற்றம் தொடங்குகிறது. கெலெடாங் மலைத்தொடரைக் குடைந்து போகும் மெனோரா சுரங்கப்பாதை 800 மீட்டர்தான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் சரிவுதான் சோதனை. ஏறும்போது ஹைலக்ஸ் மூச்சு வாங்கவே இல்லை. இடத்தடத்தில் லோரிகள் ஊர்ந்தன, நாங்களும் அவற்றின் பின்னால் அவசரமில்லாமல் ஏறினோம். சுரங்கம் தாண்டி இறங்கும்போது கியரை நாமே தேர்ந்தெடுக்கும் எஸ் நிலைக்குத் தள்ளி, மூன்றாவதில் விட்டுவிட்டேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது, பிரேக் குளிர்ச்சியாகவே இருந்தது. தெற்கு நோக்கி வரும்போது இந்த மலையின் மறுபக்க இறக்கம் இன்னும் மோசம். அடியில் ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்த காலத்தில் பிரேக் பிடிக்காத கனரக வண்டிகள் வந்து மோதிய கதைகள் பலருக்கு நினைவிருக்கும். சாவடியை எடுத்தது நல்ல காரியம்.

பினாங்குக்கு ஜூரு வரை போகாமல் பத்து காவானில் இறங்கி இரண்டாவது பாலம் ஏறினோம். 2014 மார்ச்சில் திறந்த பாலம், மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ 17 கடலின் மேல். வேக வரம்பு 80. பழைய பாலத்தில் இருக்கும் நெரிசல் இங்கே இல்லை, ஆனால் பக்கக்காற்றுக்குத் தடுப்பு எதுவும் கிடையாது. நான் எழுபதில் போனேன். பின்னால் வந்தவர் விளக்கை மினுக்கினார், தடம் காலியாகத்தானே இருந்தது, போய்க்கொள்ளட்டும்.

பத்து மாவுங்கில் இறங்கி தெலுக் கும்பார் வரை நல்ல சாலை. அதற்கப்புறம் பாலிக் பூலாவ் போகும் 6-ஆம் எண் கூட்டரசுச் சாலை கெந்திங் குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறுகிறது. வார இறுதியில் சைக்கிள்காரர்கள் வரிசையாக ஏறுவார்கள், அவர்களை முந்த இடமே கிடைக்காது. வளைவில் டிரெய்லர் சக்கரம் வண்டியின் சக்கரத்தைவிட உள்ளே வெட்டும். அதனால் இடப்பக்க வளைவில் வண்டியை நடுக்கோட்டை ஒட்டி வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும், எதிரில் வருபவர் அதே கோட்டை ஒட்டி வருவார். பகலில் மட்டும் இந்தச் சாலை என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

பாலிக் பூலாவ் கடைத்தெருவில்தான் நாடகம். சாலையோரம் இரட்டை வரிசையில் கார்கள், எதிரில் ஒரு லோரி. பின்னால் போவதைத் தவிர வழியில்லை. டிரெய்லரைப் பின்னெடுக்கும்போது கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் வைத்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லர் போகும், இது பழகிய வித்தை. ஆனால் காப்பிக் கடையிலிருந்து எழுந்து வந்த பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் "கிரி! கிரி லாகி!" (இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம்) என்று கத்த, மனைவி பின்னால் நின்று "ரைட்டுல, ரைட்டுல" என்று கத்த, ஒருவர் டிரெய்லரைச் சொல்கிறாரா இன்னொருவர் ஸ்டியரிங்கைச் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள்கள் இடையில் புகுந்து போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் பாக்சிக் சாலையின் நடுவில் நின்று மோட்டார்களை நிறுத்தினார். நான் இறங்கி ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, யார் சொல்வதையும் கேட்காமல் எடுத்தேன். போகும்போது அவருக்குக் கை காட்டினேன், அவர் அதற்குள் தன் காப்பியிடம் போய்விட்டார்.

தங்கியது ஒரு டுரியான் தோட்டத்தில். தவுக்கே (தோட்ட முதலாளி) எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, மரத்தடியில் நிறுத்தாதே என்பதுதான். நிழலைப் பார்த்து யாருக்கும் ஆசை வரும், ஆனால் இரவில் பழம் விழுந்தால் கூரை தாங்காது. பாக்குமரங்களுக்கு அப்பால் ஒரு திறந்த புல்வெளியைக் காட்டினார். முந்தின நாள் மழையில் அது ஊறிப்போயிருந்தது. இங்கேதான் நான்கு சக்கர இயக்கத்துக்கு வேலை வந்தது. பயணம் முழுக்க எச்2-வில்தான் (இரு சக்கர இயக்கம்) ஓட்டினேன், ஏனென்றால் ஹைலக்ஸ் மாதிரியான பகுதிநேர நான்கு சக்கர வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் எச்4-ல் (நான்கு சக்கர இயக்கம்) வைத்துத் திருப்பினால் கியர்ப்பெட்டிக்குள் இறுக்கம் ஏறும். சேற்றுப் புல்லில் எல்4 (மெதுவான நான்கு சக்கர இயக்கம்) போட்டுப் பின்னெடுத்தபோது, எக்ஸலரேட்டரைத் தொடாமலே டிரெய்லர் நத்தை வேகத்தில் போய் உட்கார்ந்தது. அந்த மெதுவுக்காகவே இந்த வண்டி வேண்டும் என்பேன்.

இரவு முழுக்க தூரத்தில் "தொப்" "தொப்" என்று விழும் சத்தம். காலையில் தவுக்கே ஆங் ஹே, ஹோர் லோர் என்ற இரண்டு ரக டுரியானும் வெட்டிக் கொடுத்தார். ஆங் ஹேயின் சுளை செம்மஞ்சள், முடிவில் ஒரு மெல்லிய கசப்பு. மீதிப் பழத்தை கேரவனுக்குள் வைக்க மனைவி விடவில்லை, ஹைலக்ஸின் பின்தட்டில்தான் ஊர் திரும்பியது.

தோட்டத்தில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் வண்டியில்தான் தீவைச் சுற்றினோம். தித்தி கெராவாங் வழியாகத் தெலுக் பஹாங், பத்து பெரிங்கி, ஜார்ஜ்டவுன், தண்ணீர்மலை. இந்தச் சாலைகளில் வாலோடு போனால் எங்குமே நிறுத்த முடியாது, ஜார்ஜ்டவுனின் ஐந்தடி நடைபாதைக் கடைவீதிகளில் நினைத்தே பார்க்க முடியாது. பினாங்குக்கு கேரவன் கொண்டுபோக விரும்புபவர்களுக்கு என் கருத்து: ஒரே இடத்தில் போய்ப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பெருநிலத்திலேயே தங்கிவிட்டு வெறும் வண்டியில் பாலம் கடங்கள்.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்காக. 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35-க்கு ஏறியது, அதற்கப்புறம் டீசல் வண்டிக்காரன் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. தனியாகப் போனால் என் வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரை நெருங்கும், டிரெய்லரோடு எட்டு. கூடுதல் செலவுக்கு எடையைவிடக் காற்றுத்தான் காரணம் என்று தோன்றுகிறது, எண்பத்தைந்தில் போனபோது நூறுக்கு ஆசைப்பட்ட ஓட்டுநர்களைவிட நன்றாகவே மிச்சமாகியிருக்கும். இருந்தாலும் பள்ளி விடுமுறையில் பத்து பெரிங்கி ஹோட்டல் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பரவாயில்லை.

கேரவனைத் திருப்பிக் கொடுத்தபோது மச்சான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், கப்ளரைத் தொட்டுப் பார்த்தார், டிசம்பரில் கேமரன் மலைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து போவோம் என்றார். சிம்பாங் பூலாய் சாலை என்றால் வருகிறேன் என்றேன். அவருக்குத் தாப்பா வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவியில் பிள்ளைகளைக் குளிக்கவிட வேண்டுமாம். அந்தக் குறுகிய வளைவுகளில் எதிரே காய்கறி லோரி வந்தால் யார் பின்னெடுப்பது என்று கேட்டேன். பேச்சு இன்னும் முடியவில்லை.