மேயர் வேட்பாளரும் பொசிஷன் நம்பரும்

சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கிளார்க் வேலை பார்க்கிறேன். வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, சாமான் ஆர்டர், வாசல் கதவின் பஸ்ஸர் எல்லாம் என் மேஜையில்தான். வெளியே யாராவது பொத்தானை அழுத்தினால் சின்னத் திரையில் முகம் தெரியும். யார், எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் கதவைத் திறந்துவிட வேண்டும். பனியில் நடுங்கிக்கொண்டு நிற்பவரிடம் அடையாள அட்டையைக் கேமராவுக்கு நேராகக் காட்டச் சொல்வது எனக்கு இன்னும் சங்கடமான வேலை. ஆனால் அதுவும் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திதான். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் மேடையில் 'பள்ளிகளைப் பத்திரமாக்குவோம்' என்று பேசியது, பல கை மாறி, என் மேஜையில் ஒரு பொத்தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

மதுரையில் இருக்கும் அண்ணன் போனில் கேட்பார்: "மேயருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? போலீஸை எதுக்கு மேயர் கிட்ட கேக்குறீங்க?" நியாயமான கேள்விதான். நம் ஊரில் மாநகராட்சிப் பள்ளிகள் உண்டு என்றாலும், போலீஸ் மாநில அரசின் கையில். இங்கே அப்படி இல்லை. காவல்துறைத் தலைவரைப் பிடித்து உட்காரவைப்பது மேயர். 1995இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, பள்ளி வாரியத்தையும் அதன் தலைமை நிர்வாகியையும் நியமிப்பதும் அவரே என்று ஆனது. அதனால் சிகாகோவில் மேயர் தேர்தல் வந்தால் பள்ளியும் போலீஸும்தான் பேச்சு. குப்பை, பனி அள்ளுவது எல்லாம் அப்புறம்.

2023 தேர்தலில் இது உச்சத்துக்குப் போனது. பிப்ரவரியில் நடந்த முதல் சுற்றிலேயே பதவியிலிருந்த லோரி லைட்ஃபுட் வெளியேறிவிட்டார். ஏப்ரல் 4ஆம் தேதி இறுதிச் சுற்றுக்கு மிஞ்சியவர்கள் இருவர். பால் வாலஸ், 1995 முதல் 2001 வரை இதே சிகாகோ பள்ளிகளின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். பிராண்டன் ஜான்சன், நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு ஆசிரியர் சங்கத்தில் அமைப்பாளராக வேலை செய்தவர். வாலஸுக்குப் போலீஸ் சங்கத்தின் ஆதரவு, ஜான்சனுக்கு ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு. பள்ளி கிளார்க்குகளும் அந்த ஆசிரியர் சங்கத்தில்தான் இருக்கிறோம், என் சம்பளத்திலிருந்தும் சந்தா போகிறது. இதைச் சொல்லிவிட்டுத் தொடர்வதுதான் முறை. எனக்கு மேயர் தேர்தலில் ஓட்டு கிடையாது, கிரீன் கார்டுதான். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு பள்ளிக்கும் இருக்கிற உள்ளூர் பள்ளி கவுன்சில் தேர்தலில் குடியுரிமை இல்லாதவரும் ஓட்டுப் போடலாம். நகரத்தில் எனக்கு இருக்கும் ஒரே வாக்குரிமை அதுதான்.

ஓட்டு இல்லையே தவிர, இருவரின் திட்டங்களையும் வரி விடாமல் படித்தேன். இந்த மேஜைக்கு வந்த பிறகு நான் தேர்தல் அறிக்கையைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. எங்கள் பட்ஜெட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொசிஷன் நம்பர் உண்டு. நர்ஸ் ஒரு நம்பர், மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒரு நம்பர், செக்யூரிட்டி ஒரு நம்பர். மேலிருந்து எந்தப் பெரிய திட்டம் வந்தாலும் அது கடைசியில் என் திரையில் ஒரு நம்பராகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வந்து சேரவில்லை என்று அர்த்தம். 'குழந்தைகளின் மனநலத்துக்கு முன்னுரிமை' என்று படித்தால் எனக்குத் தோன்றுவது: வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நம்பரில், யார் பட்ஜெட்டில்?

நம்பர் எப்படிக் காணாமல் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2013 கல்வியாண்டு முதல் பல வருடங்கள் தலைக்கு இவ்வளவு என்று மாணவர் எண்ணிக்கைப்படி பள்ளிக்குப் பணம் வந்தது. பள்ளி திறந்த இருபதாம் நாள்தான் கணக்கெடுப்பு. அந்த நாலு வாரமும் அலுவலகம் ரணகளமாக இருக்கும். பதிவேட்டில் பெயர் இருந்து வகுப்பில் முகம் காட்டாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் அடித்துக்கொண்டே இருப்போம். பாதி நம்பர்கள் உயிரோடு இருக்காது. பாட்டி எடுப்பார், "அவன் அம்மாவோடு இந்தியானாவுக்குப் போய்விட்டான்" என்பார். அப்படிப் பத்து இருபது பேர் குறைந்தால் ஒரு பொசிஷன் போச்சு. அக்டோபரில், பிள்ளைகள் ஆசிரியரின் பெயரைக் கற்றுக்கொண்ட பிறகு, அவர் வேறு பள்ளிக்குப் பெட்டியைக் கட்டுவார். 2002 வாக்கில் நகரப் பள்ளிகளில் 4.3 லட்சத்துக்கு மேல் மாணவர்கள் இருந்தார்கள், 2022இல் 3.22 லட்சம். 2013இல் ஒரே மூச்சில் ஏறக்குறைய ஐம்பது பள்ளிகளை மூடினார்கள். பெரும்பாலும் தெற்கு, மேற்குப் பகுதிகளில், கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகள். 2024இல் ஒருவழியாக இந்தத் தலைக்கணக்கு முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் குறைந்தபட்சம் இன்னின்ன பொசிஷன்கள் என்று மாற்றினார்கள். இதை எந்த வேட்பாளரும் மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியதில்லை. எங்களுக்கு அந்த வருடத்தின் பெரிய செய்தி அதுதான்.

வாலஸின் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது. பள்ளிக் கட்டடங்களை இரவு உணவு நேரம் வரையிலும், வார இறுதியிலும், கோடையிலும் திறந்து வைப்பது. நல்ல யோசனை. பிள்ளைகள் வீதியில் திரிவதைவிட ஜிம்மில் பந்து ஆடட்டும். ஆனால் படித்தவுடன் என் மனம் போனது எங்கள் தெருமுனைக்கு.

எங்கள் தெருமுனையில் பளிச்சென்ற சட்டை போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் நிற்பார். கையில் வாக்கி டாக்கி. அதே பகுதிக்காரர், பேரப்பிள்ளைகள் எடுத்தவர். 'சேஃப் பாசேஜ்' என்ற திட்டத்தின் ஊழியர். 2009 செப்டம்பரில் ஃபெங்கர் உயர்நிலைப் பள்ளி விட்டு வீட்டுக்குப் போன 16 வயது மாணவன் ஒருவன் கோஷ்டிச் சண்டைக்கு நடுவே மாட்டி அடித்துக் கொல்லப்பட்டான். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. 2013இல் பள்ளிகளை மூடி, பிள்ளைகள் பழக்கமில்லாத தெருக்களைக் கடந்து போக வேண்டி வந்தபோது இன்னும் விரிவாக்கினார்கள். இவர்களிடம் ஆயுதம் கிடையாது, கைது செய்யும் அதிகாரம் கிடையாது. எந்தப் பையனுக்கும் எந்தப் பையனுக்கும் இந்த வாரம் ஆகாது என்று தெரியும், அவ்வளவுதான். மூன்று மணிக்கு மேல் அந்த அம்மாளின் குரல் அலுவலக ரேடியோவில் வரும்: இந்தப் பக்கம் ஒரு கார் ரெண்டு தரம் சுற்றிவிட்டது, பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக விடுங்கள். அடுத்த நிமிடம் செக்யூரிட்டி அண்ணன் பின்வாசலுக்கு ஓடுவார்.

சரி, பள்ளியை ஏழு மணி வரை திறந்து வைக்கிறோம். அந்த அம்மாளின் வேலை நேரம் பள்ளி விட்ட சற்று நேரத்தில் முடிந்துவிடும். டிசம்பரில் சிகாகோவில் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஏழு மணிக்கு ஜிம்மிலிருந்து வெளியே வரும் பதினைந்து வயதுப் பையன் பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போவான்? திட்டத்தில் கல்விக்கு ஓர் அத்தியாயம், காவலுக்கு ஓர் அத்தியாயம் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த நானூறு அடி நடைபாதை எந்த அத்தியாயத்திலும் இருக்காது. எங்கள் வேலையோ பெரும்பாலும் அந்த நடைபாதையில்தான். காலையில் முதல் பீரியடுக்கு வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், சோம்பேறித்தனம் பாதி, பயம் பாதி. "அந்தப் பக்கம் வர முடியாது மிஸ், சுற்றி வர ரெண்டு பஸ்" என்பான். நான் கணினியில் 'தாமதம்' என்று மட்டும்தான் போட முடியும்.

ஜான்சன் பக்கம் எனக்குப் பிடித்தது கோடைக்கால வேலைத் திட்டம். இளைஞர்களுக்கான வேலைகளை இரட்டிப்பாக்குவேன் என்றார். இது வெறும் நல்லெண்ணம் இல்லை. 2012 கோடையில் சிகாகோவில், வன்முறை அதிகமுள்ள பகுதிகளின் 13 உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து 1,634 பிள்ளைகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலருக்கு எட்டு வார வேலை கொடுத்துப் பார்த்தார்கள். வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது அடுத்த 16 மாதங்களில் 43 சதவீதம் குறைந்தது. அதுவும் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு. அதாவது, பையனை எட்டு வாரம் பிஸியாக வைத்ததால் மட்டும் வந்த பலன் இல்லை. குறைந்தபட்சக் கூலிக்கு, வாரம் 25 மணி நேர வேலை. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை முதலில் என் மேஜைக்கு வருவான். சோஷியல் செக்யூரிட்டி அட்டை (அரசு தரும் அடையாள எண் அட்டை) வேண்டும், அது அம்மாவின் பெட்டியில், பெட்டி அத்தை வீட்டில். பதினாறு நிரம்பாதவன் என்றால் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்க ஒரு பெரியவர் கையெழுத்து வேண்டும். ஓர் ஏப்ரல் மாதம் ஒரு பெண், விண்ணப்பத்தில் முகவரிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "எந்த வீட்டைப் போடணும் மிஸ்?" என்று கேட்டாள். திங்கள் முதல் வியாழன் வரை ஒரு வீடு, மற்ற நாளில் இன்னொன்று. இருக்கும் விதிகளுக்குள் அவளுக்கு வழி பண்ணிக்கொடுக்க மதியம் வரை ஆனது. வேலைகளை இரட்டிப்பாக்கும்போது, இந்தக் காகிதங்களைத் தேடிக்கொடுக்கிற ஆளையும் இரட்டிப்பாக்குவார்களா? அதற்கு எந்தப் பொசிஷன் நம்பரும் திறந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்குள் போலீஸ் வேண்டுமா என்பது இன்னொரு பெரிய சண்டை. 2020க்குப் பிறகு அந்த முடிவை அந்தந்தப் பள்ளியின் கவுன்சிலிடம் விட்டார்கள். எங்கள் நூலகத்தில் நடந்த கூட்டம் நினைவிருக்கிறது. ஒரு தாய், என் மகனுக்கு வெளியில்தான் போலீஸ் பயம், உள்ளேயுமா என்றார். ஒரு பாட்டி எழுந்து, சீருடையைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி என்றார். இரண்டு பேரும் ஒரே தெருக்காரர்கள். கடைசியில் போலீஸ் வேண்டாம், அதற்கு ஈடாக வரும் பணத்தில் பிள்ளைகளின் தகராறுகளைப் பேசித் தீர்க்க ஓர் ஆள் போடுவோம் என்று முடிவானது. அவர் வந்தார், நன்றாகவே வேலை செய்கிறார். ஆனால் வேறு 39 பள்ளிகளின் கவுன்சில்கள் போலீஸ் இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டிருந்தன. 2024 பிப்ரவரியில், தேர்தலில் வென்று மேயரான ஜான்சன் நியமித்த வாரியம் அந்தப் பள்ளிகளிலிருந்தும் போலீஸை விலக்க முடிவெடுத்தது. எங்கள் பள்ளி எடுத்த முடிவோடு எனக்கு உடன்பாடுதான். இருந்தாலும் அந்தப் பாட்டியைப் போன்றவர்கள் வென்ற இடங்களில் அவர்கள் ஓட்டை மேலிருந்து அழித்தது எனக்கு ஒப்பவில்லை. உள்ளூர் கவுன்சிலில் மட்டும் ஓட்டுள்ளவளுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

ஜான்சன் வென்ற பிறகு நடந்தது பெரும்பாலும் பணக் கதை. 80 கோடி டாலர் அளவுக்குப் புது வரிகள் என்று பிரசாரத்தில் சொன்னார். அதில் ஒன்றான சொத்துப் பரிமாற்ற வரி உயர்வை 2024 மார்ச்சில் வாக்காளர்களே நிராகரித்தார்கள். கொரோனா கால நிதியாக மத்திய அரசு தந்த 280 கோடி டாலரில் பள்ளிகள் எத்தனையோ நர்ஸ்களையும் சமூகப் பணியாளர்களையும் எடுத்திருந்தன. அந்தப் பணம் 2024இல் தீர்ந்தது. கடன் வாங்குவதா, வெட்டுவதா என்ற சண்டையில் அக்டோபரில் வாரிய உறுப்பினர்கள் ஏழு பேரும் ராஜினாமா செய்தார்கள், டிசம்பரில் தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார். அடுத்த வருட பட்ஜெட்டில் பள்ளம் 73 கோடி டாலர். இதற்கு நடுவில், கொலைகள் 2021இல் எண்ணூறை ஒட்டி இருந்தவை 2024இல் 573ஆக இறங்கின, 2025இல் இன்னும் நன்றாகக் குறைந்தன. மேயர் தன் திட்டம் என்கிறார், போலீஸ் தங்கள் உழைப்பு என்கிறார்கள், நாடு முழுக்கவும்தான் குறைந்திருக்கிறது. தெருமுனையில் நிற்கும் அம்மாள்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2027 பிப்ரவரியில் அடுத்த மேயர் தேர்தல். அதற்கு ஒரு மாதம் முன்பே, மக்களே தேர்ந்தெடுத்த 21 பேர் கொண்ட பள்ளி வாரியம் முழுதாகப் பொறுப்பேற்றுவிடும். 1995இல் மேயர் கைக்குப் போன சாவி அத்தோடு போய்விடும். புது மேயரால் வாரியத்தில் ஓர் ஆளைக்கூடப் போட முடியாது. ஆனாலும் வேட்பாளர்கள் பள்ளிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள், பேசாமல் இருக்கவும் முடியாது. அவர்களில் யாராவது எங்கள் பள்ளிக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் முதலில் என் பஸ்ஸரைத்தான் அழுத்த வேண்டும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிவிட்டு, தெருமுனை அம்மாளின் வேலை நேரத்தை ஏழு மணி வரை நீட்டுவதற்கான காசு நகராட்சிக் கணக்கிலா, பள்ளி வாரியக் கணக்கிலா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.